தாய்மாமன் அனுப்பும் கப்பல் கதைகள்

கேள்வி:

ஐயா, என் மகளுக்கு 17 வயது. சாதாரண நிலைத் தேர்வு முடித்திருக்கிறாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கப்பல் செலுத்தும் துறையில் பட்டயப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கப்பல் அதிகாரியாகியே தீருவேன் என்கிறாள். என் அண்ணன் துறைமுகத்தில் கொள்கலன்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கணவர் தவறிய பிறகு மகளின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டவரும் அவர்தான். மருமகள் கப்பலுக்குப் போகப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஏதாவது அனுப்பிக்கொண்டிருக்கிறார். சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே நின்றது விபத்தல்ல, சதியாம். கொள்கலன்களுக்குள் கடத்தப்பட்ட குழந்தைகள் இருந்தார்களாம். கப்பலின் அழைப்புக் குறியீட்டில் ஹில்லரி கிளிண்டன் பெயர் ஒளிந்திருக்கிறதாம். ஒரு பெண்ணிடம் கப்பலைக் கொடுத்ததால்தான் கரையில் முட்டியதாம். "நானூறு மீட்டர் கப்பல் தானாகவா திரும்பும்? நான் பார்க்காத கப்பலா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? அவர் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது? மகளை அனுப்பலாமா?

- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில் அளிப்பவர்: சரக்குக் கப்பல்களில் தலைவராகப் பணியாற்றி, இப்போது கடல் விபத்துகளை ஆராயும் எங்கள் ஆலோசகர்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. துறைமுகத்தில் உழைத்த ஒருவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். மற்றவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். கேள்வி நல்லது, அதற்கு அவருடைய கைபேசிக்கு வந்து சேர்ந்த பதில்கள்தாம் குப்பை. ஆகவே குறியீட்டையும் கிளிண்டனையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கப்பல் எப்படித் திரும்பியது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவீர்கள் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன்.

எவர் கிவன் ஏறக்குறைய 400 மீட்டர் நீளமும் 59 மீட்டர் அகலமும் உள்ள கப்பல். நம் துவாசுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மலேசியாவின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்திலிருந்து ராட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்தது. 18,000க்கும் அதிகமான கொள்கலன்கள் ஏற்றப்பட்டிருந்தன. 2021 மார்ச் 23 காலை, செங்கடல் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கிக் கால்வாய்க்குள் நுழைந்த வரிசையில் அது ஐந்தாவது கப்பல். அன்று பாலைவனக் காற்று மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. புழுதியால் பார்வைத்தெளிவும் குறைந்திருந்தது.

கொள்கலன்களை அடுக்கிய கப்பலுக்குக் காற்று எப்படிப்பட்ட எதிரி என்பதை அண்ணனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று பலமானால் கிரேன்களை நிறுத்திவைப்பதை அவர் எத்தனையோ முறை பார்த்திருப்பார். நீருக்கு மேல் தெரியும் இந்தக் கப்பலின் பக்கவாட்டுச் சுவர், இரண்டு காற்பந்துத் திடல்களை ஒட்டி நிமிர்த்தி வைத்த அளவு. அதன்மீது காற்று அடித்தால், மெதுவாகப் போகும் கப்பல் பக்கவாட்டில் நகரும். சுக்கானுக்குப் பிடி கிடைக்க வேண்டுமென்றால் அதன்மேல் நீர் வேகமாக ஓட வேண்டும். அதற்குக் கப்பல் வேகமாகப் போக வேண்டும். எனவே காற்றை எதிர்க்க வேகத்தைக் கூட்டத் தோன்றும். கால்வாயில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர், அதாவது கடலில் வேகத்தை அளக்கும் 'நாட்' கணக்கில் 9-க்கும் குறைவு. கரை தட்டுவதற்குச் சற்று முன் எவர் கிவன் 13 நாட் வேகத்தைத் தொட்டிருந்ததைத் தடப் பதிவுகள் காட்டின.

வினை இங்கேதான் தொடங்குகிறது. திறந்த கடலில் கப்பல் தள்ளும் நீருக்கு விலகிப்போக இடம் உண்டு. கால்வாயில் கிடையாது. கப்பலுக்கும் கரைக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான இடைவெளியில் நீர் வேகமெடுத்து ஓடும். வேகமெடுத்த நீரில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த பக்கத்துக்குக் கப்பலின் பின்முனை இழுக்கப்படும். அதே நேரத்தில் முன்முனையான அணியத்துக்கும் கரைக்கும் நடுவே நீர் குவிந்து, அணியத்தை எதிர்க்கரையை நோக்கித் தள்ளும். வேகம் கூடக் கூட இந்த இழுப்பும் தள்ளலும் பன்மடங்காகும். கப்பலும் நீரில் கூடுதலாக அமிழ்ந்து, அடித்தளத்துக்கும் கால்வாயின் தரைக்கும் இருந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளும். கப்பலைக் காப்பாற்றக் கூட்டிய வேகமே அதைக் கரைக்கு இழுக்கும். கடல்துறை மாணவர்களுக்கு இதை முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே கற்றுத்தருகிறோம். உங்கள் மகளும் படிப்பாள்.

அணியம் கிழக்குக் கரையில் புதைந்தது, பின்முனை மேற்குக் கரையில் மாட்டியது. அந்த இடத்தில் கால்வாயின் அகலம் கப்பலின் நீளத்தைவிடக் குறைவு. அதன் பிறகு திரும்ப வழியேது? "தானாகவா திரும்பும்?" என்றால், ஆம் அண்ணா, காற்றும் நீரும் சேர்ந்து திருப்பும். யாரும் சதி செய்யத் தேவையில்லை. சொல்லப்போனால், சூயஸ் கால்வாயை வேண்டுமென்றே அடைக்கத் திட்டமிடும் ஒருவன் இதைவிடத் துல்லியமாக மாட்டவைத்திருக்க முடியாது என்பதுதான் பலருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆனால் கால்வாயின் அந்தத் தென்பகுதி ஒற்றை வழி. 2015-இல் திறக்கப்பட்ட இணைவழி வடக்கே இருந்தது. தெற்கே எந்தக் கப்பல் மாட்டினாலும் மொத்தக் கால்வாயும் நின்றுபோகும். அடைப்பு நேர்ந்த பிறகுதான் தென்பகுதியை அகலப்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள்.

இதுபோன்ற பெரிய கப்பல் ஆறு நாள் மாட்டிக்கொள்வதும் அதுதான் முதல்முறையா? 2016 பிப்ரவரியில் சி.எஸ்.சி.எல். இந்தியன் ஓஷன் என்ற, அதே 400 மீட்டர் நீளமுள்ள கப்பல், ஜெர்மனியின் எல்பே ஆற்றில் தரைதட்டி ஆறு நாள் கிடந்தது. ஆற்றை அது முழுமையாக அடைக்கவில்லை, உலக வணிகமும் நிற்கவில்லை. ஆகவே யாரும் அதைப் பற்றிக் கதை கட்டவில்லை. எவர் கிவன் கப்பலே 2019-இல் ஹாம்பர்க் அருகே பலத்த காற்றில் தள்ளப்பட்டு, கரையோரம் நின்றிருந்த ஒரு பயணிப் படகை நசுக்கியிருக்கிறது. அண்ணன் அனுப்பும் செய்திகளில் இந்த விவரங்கள் ஒருபோதும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு ஏன் இத்தனை சந்தேகம்? அதிகாரிகளும் நிறுவனங்களும் பேசிய விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. முதல் நாளில் கப்பலின் மின்சாரம் நின்றுபோனதாக ஒரு முகவர் நிறுவனம் சொன்னது. கப்பலை நிர்வகித்த நிறுவனம் அதை மறுத்தது. காற்றுதான் காரணம் என்றார்கள். பிறகு கால்வாய் ஆணையத்தின் தலைவர், காற்று மட்டுமே காரணமல்ல, இயந்திரக் கோளாறோ மனிதத் தவறோ இருக்கலாம் என்றார். ஒரே வாரத்தில் இத்தனை குரல்கள். கப்பல் பதிவு செய்யப்பட்டிருந்த பனாமா நாட்டின் விசாரணை அறிக்கை 2023-இல்தான் வெளிவந்தது. காற்றும் புழுதியும், கால்வாயில் வழிநடத்தக் கப்பலில் ஏறியிருந்த பைலட்டுகள் கொடுத்த சுக்கான் கட்டளைகள், வேகம், பைலட்டுகளுக்கும் கப்பல் குழுவுக்கும் இடையே பேச்சு சரியாகப் போய்ச்சேராதது என்று பல காரணங்களை அது அடுக்கியது. படிக்கச் சலிப்பூட்டும் அறிக்கைதான். இரண்டு ஆண்டு கழித்து வரும் சலிப்பூட்டும் உண்மையால், இரண்டே மணி நேரத்தில் வந்துவிடும் விறுவிறுப்பான பொய்யை எப்படித் துரத்திப் பிடிக்க முடியும்?

இனி, குறியீட்டுக் கதை. எவர் கிவனின் வானொலி அழைப்புக் குறியீடு எச்3ஆர்சி. இதில் ஹில்லரி ராடம் கிளிண்டனின் பெயரின் முதலெழுத்துகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். நடுவிலிருக்கும் 3 என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் தொடக்க எழுத்துகளை ஒதுக்கியிருக்கிறது. பனாமாவுக்கு ஒதுக்கப்பட்டவற்றில் எச்3 ஒன்று. நம் கொடி கட்டிய கப்பல்களின் குறியீடு 9வி என்று தொடங்கும். இதைத் துறைமுகத்தில் பணிபுரிந்த உங்கள் அண்ணன் ஆவணங்களில் பார்த்தே இருப்பார். மிச்சமிருக்கும் இரண்டு எழுத்துகள் பதிவு வரிசையில் வந்தவை. இரண்டு எழுத்தை வைத்து யாருடைய பெயரையும் உருவாக்கலாம், என் பெயரையும் சேர்த்துத்தான்.

எவர் கிவனை ஓட்டிய நிறுவனத்தின் பெயர் எவர்கிரீன். கிளிண்டனுக்கு அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவு வைத்த சங்கேதப் பெயரும் எவர்கிரீன் என்பது உண்மை. வதந்திகள் பெரும்பாலும் இப்படி ஓர் உண்மை நூலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். எவர்கிரீன் நிறுவனம் தைவானில் தொடங்கப்பட்டது 1968-இல். அந்த ஆண்டில் ஹில்லரி கல்லூரி மாணவி, அவருக்குக் கிளிண்டன் என்ற பெயரே கிடையாது. கப்பலின் உரிமையாளரும் எவர்கிரீன் அல்ல. ஷோயெய் கிசென் என்ற ஜப்பானிய நிறுவனம். எவர்கிரீன் அதை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. நிர்வாகம் ஒரு ஜெர்மன் நிறுவனத்துடையது, மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள், கொடி பனாமாவுடையது, பைலட்டுகள் எகிப்தியர்கள். சதித் திட்டத்துக்கு இத்தனை நாட்டுக்காரர்களைக் கூட்டி வாயை மூடிவைக்க வேண்டும். ஒரு சரக்குக் கப்பலில் கப்பல் தலைவருக்கும் சமையற்காரருக்கும் நடந்த சண்டைகூட அடுத்த துறைமுகத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

கால்வாய்க்குள் நுழையும் முன் கப்பல் செங்கடலில் ஆபாசமான உருவத்தை வரைந்தது என்றும் அண்ணன் அனுப்பியிருக்கலாம். அந்தத் தடம் உண்மையானது. வரிசையில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது சுற்றிச் சுற்றி வந்த தடம் அது. அண்ணனை ஒரு மாலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு அழைத்துப்போங்கள். எதிரே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே, கப்பல் தடங்களைக் காட்டும் செயலியைக் கைபேசியில் திறக்கச் சொல்லுங்கள். நீரோட்டம் மாறும்போதெல்லாம் நங்கூரத்தைச் சுற்றிக் கப்பல் திரும்பும். தடம் நூல்கண்டு சிக்கியதுபோல் தெரியும். கொஞ்ச நேரத்தில் உங்கள் மகள் ஒரு யானையையும் ஒரு முருங்கைக்காயையும் கண்டுபிடித்துவிடுவாள்.

குழந்தைகள் பற்றிய கதையைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆட்கடத்தல் நடக்காத உலகமல்ல இது. 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு லாரியின் குளிர்பதனப் பெட்டிக்குள் வியட்நாமியர்கள் 39 பேர் இறந்து கிடந்தார்கள். அது ஒரு பெட்டி. அதில் அவர்கள் இருந்தது சில மணி நேரம். மூடிய கொள்கலனில், வெப்பமண்டலக் கடலில், மூன்று வாரம் குழந்தைகளை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று அண்ணனிடமே கேளுங்கள். பகல் வெயிலில் கொள்கலனின் தகரம் எப்படிச் சுடும், முத்திரை எங்கே மாட்டப்படும், ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கொள்கலனின் எடையும் அறிவிக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எவர் கிவன் விடுவிக்கப்பட்டு 2021 ஜூலை இறுதியில் ராட்டர்டாம் போய்ச் சேர்ந்தது. சரக்கு இறங்கியது, சொந்தக்காரர்கள் தங்கள் கொள்கலன்களைத் திறந்தார்கள். வந்தவை தாமதமான சரக்குகள்தாம். எனக்குக் கோபம் வருவது வேறொரு காரணத்துக்காக. 2020-இல் அமெரிக்காவில் ஓர் அறைகலன் விற்பனை நிறுவனம் அலமாரிகளுக்குள் குழந்தைகளை விற்பதாக இதேபோன்ற வதந்தி கிளம்பியது. ஆட்கடத்தல் உதவித் தொலைபேசியை நடத்தும் அமைப்புக்கு அழைப்புகள் வந்து குவிந்தன. உண்மையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவுவது அதனால் கடினமாகிறது என்று அந்த அமைப்பே சொல்ல வேண்டிவந்தது.

அடுத்து, "பெண்ணிடம் கப்பலைக் கொடுத்ததால்" என்ற செய்தி. உங்கள் மகள் அந்தக் குழுவில் இருக்கிறாள் அல்லவா? அப்படியானால் இதற்கு மட்டும் நீங்கள் மௌனமாக இருக்கக்கூடாது. மர்வா எல்செலெஹ்தார் எகிப்தின் முதல் பெண் கப்பல் தலைவர். கப்பல் மாட்டியதற்கு அவர்தான் காரணம் என்று, ஒரு நாளேட்டின் தலைப்புச் செய்திபோலப் போலியாகச் செய்த படம் பரவியது. அவர் எவர் கிவனில் காலடி வைத்தவரே அல்ல. அந்த நேரத்தில் பல நூறு கிலோமீட்டர் தள்ளி அலெக்சாந்திரியாவில், அய்டா 4 என்ற கப்பலில் முதன்மை அதிகாரியாக வேலை செய்துகொண்டிருந்தார். உலகின் மாலுமிகளில் பெண்கள் ஏறக்குறைய 1.28 விழுக்காடுதான் என்று கப்பல் துறை அமைப்புகள் 2021-இல் கணக்கிட்டன. நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் ஆண்கள் ஓட்டும் துறையில், ஆண்கள் மாட்டவைத்த கப்பலுக்கு, தேடிப்பிடித்து ஒரு பெண்ணின் தலையில் பழி போட்டார்கள்.

அண்ணனுக்கு மறைக்கப்பட்ட செய்திதான் வேண்டும் என்றால், எவர் கிவன் விவகாரத்தில் நிஜமாகவே கிளறிப் பார்க்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. அது பணத்தைப் பற்றியது. மார்ச் 29-ஆம் தேதி, பௌர்ணமியையொட்டிய உயர்ந்த ஓதத்தில், தூர்வாரும் கப்பல்களும் இழுவைப் படகுகளும் சேர்ந்து கப்பலை விடுவித்தன. உடனே அது புறப்பட்டுப் போய்விடவில்லை. கால்வாயின் நடுவிலுள்ள கிரேட் பிட்டர் ஏரியில் நிறுத்திவைக்கப்பட்டது. கால்வாய் ஆணையம் 916 மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டது. அதில் 300 மில்லியன் மீட்புக்கான ஊக்கத்தொகை, இன்னொரு 300 மில்லியன் கால்வாயின் நற்பெயர் கெட்டதற்காக! பிறகு 550 மில்லியனுக்கு இறங்கிவந்தார்கள். கடைசியில் எவ்வளவுக்கு முடித்தார்கள் என்பதை வெளியே சொல்லவில்லை. கப்பல் ஜூலை 7 அன்று புறப்பட்டது. இந்த மூன்று மாதத்துக்கு மேலான பேரத்தில், கப்பலை ஓட்டிய குழு ஏரியின் நடுவே காத்துக்கிடந்தது. சிலரை இடையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கப்பல் தலைவரால் போக முடியவில்லை.

கால்வாயில் கட்டளைகளைப் பைலட் கொடுப்பார், பொறுப்பைக் கப்பல் தலைவர் சுமப்பார். சூயஸின் விதி அப்படி. பனாமா கால்வாயில் வேறு: அங்கே கப்பலைச் செலுத்தும் கட்டுப்பாடு முழுவதும் பைலட்டின் கையில். இந்த ஏற்பாடு சரியா என்று கப்பல்காரர்கள் நெடுநாளாக முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்கள். கப்பலில் ஏறும் பைலட்டுகள் ஆளுக்கொரு சிகரெட் பெட்டி கேட்கும் பழக்கத்தால் சூயஸுக்கு "மார்ல்பரோ கால்வாய்" என்று மாலுமிகள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அண்ணனுக்குச் சொல்லிவையுங்கள், ரசிப்பார். இங்கே மறைக்க விரும்பியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தங்கள் பங்குப் பொறுப்பை மறைப்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் தலையில் கட்டிய வதந்தி, அவர்கள் அத்தனை பேருக்கும் வசதியாகப் போயிற்று.

நம் ஊர்ப் பெயர் பொறித்த கப்பலுக்கும் இது நடந்தது. 2024 மார்ச் 26, அமெரிக்காவின் பால்டிமோர். டாலி என்ற கப்பல் பாலத்தில் மோதியது. பாலத்தில் சாலைப் பணி செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். டாலி சிங்கப்பூர்க் கொடி கட்டிய கப்பல், மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். விடிவதற்குள் இணையத் தாக்குதல் என்றார்கள், வேண்டுமென்றே மோதியது என்றார்கள். மாலுமிகளைக் கோவணத்தோடு வரைந்த கேலிச்சித்திரமும் வந்தது. உண்மையில், கப்பலிலிருந்து போன அபாய அழைப்பால்தான் போலீசாரால் பாலத்தில் வாகனங்களை நிறுத்த முடிந்தது, பல உயிர்கள் தப்பின. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் சொன்ன காரணம், மின்பலகையில் சரியாக மாட்டப்படாத ஒரே ஓர் ஒயர். ஒயரில் செருகியிருந்த பெயர்ச்சீட்டு இடித்துக்கொண்டு, அதை முழுதாக உள்ளே போகவிடவில்லை. ஒரு பெயர்ச்சீட்டால் பாலம் விழும் என்று யார் நம்புவார்கள்? நம்பத்தான் வேண்டியிருக்கிறது, என் தொழிலில் பெரிய விபத்துகள் பலவற்றுக்கு முன்னால் இப்படி ஏதோ அற்பமான ஒன்றுதான் நிற்கிறது.

இப்போது அண்ணனிடம் பேசுவது எப்படி என்பது. இதற்கு மனநல ஆலோசகர் என்னைவிட நல்ல பதில் சொல்லக்கூடும். ஆனால் விபத்து விசாரணையில் சாட்சிகளிடம் பேசிப் பேசிப் பழகியவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

குழுவில் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திருத்தாதீர்கள். தங்கைக்கும் மருமகளுக்கும் முன்னால் தோற்றதாக அவருக்குத் தோன்றினால், அடுத்த நாள் இரண்டு மடங்கு அனுப்புவார். நேரில் போங்கள், மகளையும் அழைத்துப்போங்கள். மேலே நான் எழுதியதை ஒப்பித்து வாதாடவும் வேண்டாம். அவர் தொழிலைப் பற்றிக் கேளுங்கள். அவருடைய காலத்தில் துறைமுகத்தில் விபத்து நடந்தால் முதல் நாள் என்ன பேசிக்கொண்டார்கள், கடைசியில் காரணம் என்னவென்று தெரிந்தது என்று கேளுங்கள். முப்பது ஆண்டு வேலை பார்த்தவரிடம் அப்படி ஒரு கதையாவது இருக்கும். அவரே சொல்லி முடித்த பிறகு, விசாரணைக்காரர்கள் கேட்கும் கேள்வியை மகள் கேட்கட்டும்: "மாமா, இது எந்தப் பதிவில் இருக்கிறது?" கப்பலில் வேகம், சுக்கான் கோணம், ஓட்டும் அறையில் பேசிய பேச்சு எல்லாம் பதிவாகும். விமானத்தின் கறுப்புப் பெட்டியைப் போன்ற கருவி கப்பலிலும் உண்டு. எந்தப் பதிவிலும் இல்லாத ஒன்றை, பெயர் தெரியாத ஒருவர் எப்படி அறிந்தார்? இந்தக் கேள்வியை அவர் வேறு செய்திகளிடமும் கேட்கத் தொடங்கினால் நல்லது. இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. எவர் கிவன் செய்திகள் ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன. உங்கள் அண்ணன் அவற்றை அனுப்பத் தொடங்கியது மருமகளுக்கு இடம் கிடைத்த பிறகு. தகப்பன் இல்லாத பெண், தாய்மாமன் பொறுப்பில் வளர்ந்தவள், கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போகப்போகிறாள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நம் ஆண்கள் எங்கே சொல்கிறார்கள்? கதையை அனுப்புகிறார்கள். அவருடைய பயத்தை நான் மறுக்கமாட்டேன். பயப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு என்றுதான் சொல்வேன்.

கைவிடப்படுவது அதில் ஒன்று. சூயஸ் அருகிலேயே அமான் என்ற கப்பலில் சிரியாவைச் சேர்ந்த ஓர் அதிகாரி, முதலாளி பணம் கட்டாமல் விட்டதால், ஏறக்குறைய நான்கு ஆண்டு சிக்கிக்கொண்டார். கப்பலின் சட்டப்பூர்வக் காவலராக நீதிமன்றம் அவரை அறிவித்திருந்தது. அதில் நெடுங்காலம் அவர் தனியாளாகவே இருந்தார். 2021 ஏப்ரலில், உலகமே எவர் கிவனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓசையில்லாமல் ஊர் திரும்பினார். 2017 ஜனவரி முதல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் கீழ், மாலுமிகள் கைவிடப்பட்டால் ஊர் திரும்பும் செலவுக்கும் நான்கு மாதச் சம்பளம் வரையிலான பாக்கிக்கும் கப்பல் உரிமையாளர் நிதிக் காப்பு வைத்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழைக் கப்பலில் எல்லோர் பார்வைக்கும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பயிற்சி அதிகாரியாகக் கப்பலேறும் முதல் நாளே உங்கள் மகள் தேட வேண்டிய காகிதம் அது.

பெண் என்பதால் வரும் தொல்லை இன்னொன்று. இருபது முப்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக மாதக்கணக்கில் இருக்க நேரலாம். பெரும்பாலான கப்பல்களில் மரியாதையாகவே நடத்துவார்கள், எல்லாக் கப்பல்களிலும் அப்படி என்று நான் பொய் சொல்லமாட்டேன். 2026 ஜனவரி 1 முதல் எல்லா மாலுமிகளும் பெறும் அடிப்படைப் பயிற்சியில் பாலியல் தொல்லை உள்ளிட்ட கொடுமைகளைத் தடுப்பதும் அவற்றுக்கு எதிராகச் செயல்படுவதும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதுவரை எத்தனை பெண் பயிற்சி அதிகாரிகளை எடுத்தீர்கள், புகார் செய்ய வேண்டுமென்றால் கப்பலுக்கு வெளியே யாரை அழைப்பது என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள். சிங்கப்பூர்க் கடல்துறை அதிகாரிகள் சங்கத்திடமும் விசாரிக்கலாம். இந்த வேலையை உங்கள் அண்ணனிடமே ஒப்படையுங்கள். துறைமுகத்தில் அவருக்கு இல்லாத பழக்கமா?

அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அவளே விரும்புகிறாள், இடமும் கிடைத்திருக்கிறது. அனுப்புங்கள். பட்டயம் முடித்த பிறகு கடல் பிடிக்கவில்லை என்றாலும் இந்தத் தீவில் துறைமுகம், கப்பல் நிறுவனங்கள், காப்பீடு, கடல் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று கரையிலேயே வேலைகள் இருக்கின்றன.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் முடித்துவிடுங்கள். மாலுமிகளுக்கான உடற்தகுதிச் சோதனை செய்யும் மருத்துவரிடம் அவளுடைய கண்களைக் காட்டுங்கள். கண்ணாடி அணிந்திருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. நிறப்பார்வையில் குறை இருந்தால் கப்பல் செலுத்தும் அதிகாரியாக முடியாது, இரவில் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிந்தே ஆக வேண்டும். பெண்களுக்கு இந்தக் குறை அரிது. இருந்தாலும், படிப்பில் சேர்ந்த பிறகு இது தெரியவந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.